வாரிசு இல்லாமல் போன பட்டமும் வாரிசு தேவைப்படாத சாதியும்

அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவைத் தெரியாத தோழர் நம்மில் இருக்க மாட்டார். தீண்டாமை ஒழிக்கப்படுகிறது என்று சொல்லும் பிரிவு அது. அதற்கு அடுத்த பிரிவு என்ன என்று படிப்பு வட்டத்தில் கேட்டேன். சட்டம் படிக்கிற ஒரு தங்கை மட்டும் கை தூக்கினார். "பட்டங்கள் ஒழிப்பு அண்ணா. ராவ் பகதூர், சர், திவான் பகதூர் எல்லாம் இனி கிடையாது என்பது."

சரியான பதில். ராணுவத்திலும் கல்வியிலும் பெறும் சிறப்புகளைத் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது. வெளிநாட்டு அரசு கொடுக்கும் பட்டத்தைக் குடிமக்கள் ஏற்கவும் கூடாது. இதுதான் 18. தீண்டாமையும் பட்டமும் அடுத்தடுத்த பிரிவுகளில் ஒழிக்கப்பட்டன. இன்று ராவ் பகதூர் என்று தன்னை அழைக்கச் சொல்லி யாரும் சண்டைக்கு வருவதில்லை. தீண்டாமைக்காகவோ நாம் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு காவல் நிலைய வாசலில் நிற்கிறோம். 18 நிறைவேறியது, 17 ஏன் நிறைவேறவில்லை? இந்தக் கேள்வி பல வருடமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு பாதி பதில், அழிந்துபோன ஒரு ஆங்கிலேயப் பட்டத்தின் கதையில் எனக்குக் கிடைத்தது.

காரன்வாலிஸ் பிரபு என்ற பெயரைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள். நிலையான நிலவரித் திட்டம், 1793, இரண்டு மதிப்பெண். அந்த "பிரபு" எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை.

இங்கிலாந்தின் பிரபுக்களுக்குள்ளும் படிநிலை உண்டு. மேலே டியூக், அதற்குக் கீழே மார்க்வெஸ், பிறகு ஏர்ல், வைகவுண்ட், கடைசியில் பாரன். விருந்தில் யார் முன்னால் நடக்க வேண்டும், யாருக்கு எந்த இருக்கை என்பது வரை இந்த வரிசைப்படிதான். பாரனுக்கும் கீழே பாரனெட் என்று ஒன்று உண்டு; பரம்பரைப் பட்டம்தான், ஆனால் பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. அண்ணல் அம்பேத்கர் படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை என்று எதைச் சொன்னாரோ, அதன் சீமைச் சாயல் ஒன்று இதில் தெரியும். சாயல்தான், இரண்டும் ஒன்றல்ல. எங்கே வேறுபடுகின்றன என்பதுதான் முக்கியம்.

சஃபோக் பகுதியைச் சேர்ந்த காரன்வாலிஸ் குடும்பம் இந்த ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறியது. 1627இல் ஃபிரெடரிக் காரன்வாலிஸ் பாரனெட் ஆனார். உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற அவரை, முடியாட்சி திரும்பியதும் 1661இல் பாரன் ஆக்கினார்கள். 1753இல் குடும்பம் ஏர்ல் தகுதிக்கு உயர்ந்தது. நம் பாடப்புத்தகத்தில் வருகிற சார்லஸ் காரன்வாலிஸ் இரண்டாவது ஏர்ல். 1762இல் தகப்பனார் இறந்ததும் பட்டம் அவருக்கு வந்தது.

1781இல் அமெரிக்காவின் யார்க்டவுனில், வாஷிங்டனும் பிரெஞ்சுக்காரர்களும் சுற்றி வளைக்க, தன் படையோடு சரணடைந்தவர் இதே காரன்வாலிஸ்தான். ஒரு கண்டத்தையே ஆங்கிலேயர் இழப்பதற்கு வழிவிட்ட தோல்வி அது. அதற்காக அவருடைய பட்டத்தை யாரும் பிடுங்கவில்லை. ஐந்தே ஆண்டுகளில், 1786இல், கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். நம் பிள்ளைகள் ஒரு தேர்வில் தோற்றால் "இவங்களுக்கெல்லாம் படிப்பு வருமா" என்று ஒரு பரம்பரையையே இழுத்துப் பேசுவார்கள். பிறப்பால் மேலே இருப்பவர் ஒரு போரையே தோற்றாலும் அது அவருடைய பரம்பரையின் தகுதியைத் தொடாது. பிறப்பு கொடுக்கும் பாதுகாப்பு என்பது இதுதான்.

மார்க்வெஸ் என்ற மேல்படி அவருக்குக் கிடைத்தது நம் பக்கத்து மண்ணால். மூன்றாம் மைசூர்ப் போரை நடத்த 1790 டிசம்பரில் சென்னைக்கு வந்தார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை. திப்பு சுல்தான் தன் ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அதற்குப் பிணையாகத் தன் இரண்டு சிறு மகன்களையும் ஒப்படைக்க வேண்டும். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரமான பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்குப் போனது அப்போதுதான். அதே 1792 ஆகஸ்டில் அவர் மார்க்வெஸ் காரன்வாலிஸ் ஆனார்.

சென்னையில் இருக்கும் தோழர்கள் ஒரு நாள் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். தலைமைச் செயலகத்தில் மனு கொடுக்கப் போன ஒரு நாளில், அலுவலர் மதியத்துக்கு மேல்தான் வருவார் என்று சொல்லிவிட்டதால் நான் அங்கே நுழைந்தேன். தாமஸ் பேங்க்ஸ் என்ற சிற்பி செய்த காரன்வாலிஸின் பளிங்குச் சிலை ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. அதன் பீடத்தில் திப்புவின் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. குழந்தைகளைப் பிணை வைத்ததைப் பெருமையாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தேனாம்பேட்டையில் செனடாஃப் சாலை என்று ஒன்று உண்டு, பலர் தினமும் கடந்து போவீர்கள். செனடாஃப் என்றால் உடல் இல்லாத சமாதி. காரன்வாலிஸ் நினைவாக எழுப்பிய மண்டபத்தால் வந்த பெயர் அது. உண்மையான சமாதி உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூரில் இருக்கிறது. இரண்டாம் முறையாகக் கவர்னர் ஜெனரலாக வந்தவர், 1805 அக்டோபர் 5 அன்று அங்கே இறந்தார்.

இனி பட்டத்தின் கதை. பரம்பரைப் பட்டம் என்பது காற்றில் வருவதல்ல. மன்னரின் முத்திரையோடு ஒரு சாசனம் எழுதப்படும். பட்டம் யாருக்கு, அவருக்குப் பிறகு யாருக்கு என்பது அதிலேயே இருக்கும். பெரும்பாலான சாசனங்களில் வாசகம் ஒன்றுதான்: அவருடைய உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு. மகள் எத்தனை பேர் இருந்தாலும் கணக்கில் வர மாட்டார்கள்.

காரன்வாலிஸுக்கு ஒரே மகன், அவர் பெயரும் சார்லஸ். அவர் இரண்டாவது மார்க்வெஸ் ஆனார். அவருக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் பெண்கள். 1823இல் அவர் இறந்தபோது மார்க்வெஸ் பட்டம் அவரோடு முடிந்தது. 31 வருடம்தான் அது உயிரோடு இருந்தது. பாதி மைசூரைக் கொடுத்து வாங்கிய பட்டத்தை ஐந்து பெண்களில் ஒருவரிடம்கூடக் கொடுக்க அந்தச் சாசனத்தில் இடமில்லை. பழைய ஏர்ல் பட்டம் மட்டும் பின்னோக்கிப் போய், சித்தப்பாவான ஜேம்ஸ் காரன்வாலிஸ் என்ற பிஷப்பிடம் சேர்ந்தது. அடுத்த வருடமே அவரும் போய்ச் சேர்ந்தார். அவருடைய மகன் ஐந்தாவது ஏர்ல். 1852இல் அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் ஏர்ல், பாரன் எல்லாம் ஒன்றாக அழிந்தன. 1627இல் தொடங்கிய ஏற்றம் 225 வருடத்தில் முடிந்துபோனது. பின்னால் 1927இல், அந்த ஐந்தாவது ஏர்லின் மகள் வழியில் வந்த ஒருவருக்கு பாரன் காரன்வாலிஸ் என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். அது பழையதன் தொடர்ச்சி அல்ல, புதிதாக எழுதிய இன்னொரு சாசனம். பழையது பழையதோடு போயிற்று.

இந்தக் கதையைப் படித்து முடித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தன் பட்டத்துக்கு 31 வருடம் ஆயுள் வைத்திருந்த மனிதர், அடுத்தவர் நிலத்துக்கு "நிரந்தரம்" என்று பெயர் வைத்துச் சட்டம் போட்டிருக்கிறார்.

1793 மார்ச் 22 அன்று வங்கத்தில் அறிவிக்கப்பட்ட திட்டம் இதுதான். ஜமீன்தார் கட்ட வேண்டிய வரி என்றென்றைக்குமாக நிர்ணயிக்கப்பட்டது. கட்டும்வரை நிலம் அவருடையது. மகனுக்கு விடலாம், விற்கலாம், அடமானம் வைக்கலாம். கட்டத் தவறினால் ஏலம். அதுவரை வரி வசூலிக்கும் உரிமையாக இருந்ததை ஒரு கையெழுத்து பரம்பரைச் சொத்தாக மாற்றியது. உழுதவர் யார், அவருக்கு என்ன உரிமை என்று அந்தக் காகிதத்தில் தெளிவாக ஒன்றும் இல்லை.

அந்தத் திட்டம் வங்கத்தோடு நிற்கவில்லை. 1802இல் சென்னை மாகாணத்தின் 25ஆவது ஒழுங்குமுறைச் சட்டமாக இங்கேயும் வந்தது. ராமநாதபுரமும் சிவகங்கையும் நிரந்தர ஜமீன்கள் ஆயின. சேலம் பக்கத்தில் நிலத்தை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டார்கள், எடுத்தவர் மிட்டாதார். எங்கள் செங்கல்பட்டுப் பகுதியிலும் அப்படி விற்றுப் பார்த்தார்கள். பல இடங்களில் அது ஓடாமல் போய், ரயத்துவாரி வந்தது. ஜமீன் முறையில் பட்டா ஜமீன்தாருக்கு, ரயத்துவாரியில் பட்டா ரயத்துக்கு. இரண்டு முறைகள் பற்றியும் எத்தனையோ ஆய்வுகள் உண்டு. எங்கள் தெருவுக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. இரண்டிலும் நாங்கள் பண்ணையாள்தான்.

காரன்வாலிஸின் பெயரில் இன்னொரு ஆணையும் உண்டு. வங்கத்திலிருந்து மனிதர்களைக் கப்பலில் ஏற்றி அடிமைகளாக வெளியே விற்பதை 1789இல் அவர் தடை செய்தார். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் உள்ளூரில் இருந்த அடிமைமுறையை அது தொடவில்லை. இந்தியாவில் அடிமைத்தனத்துக்கு நீதிமன்றம் கொடுத்து வந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொள்ள 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வரவேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் தமிழ்நாட்டு வயல்களில் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தார். சட்டம் அவரை விடுதலை செய்தது. நிற்பதற்கு ஒரு காணி நிலம் கொடுக்கவில்லை.

எங்கள் ஊரில் மிராசு வீடு என்று ஒன்று இருக்கிறது. மிராசு என்பது அரபு மொழி வழியாக வந்த சொல், பரம்பரையாக வரும் சொத்து என்று பொருள். மிராசுதார் என்றால் வாரிசுரிமைக்காரர். பெயரிலேயே பிறப்பு இருக்கிறது. என் பாட்டி அந்த வீட்டு வாசலில் நின்றுதான் கூலி வாங்கினாள். "ஆண்டே" என்று கூப்பிட வேண்டும், துண்டைக் கக்கத்தில் வைக்காமல் தாத்தா பேச முடியாது. இன்று அந்த வீட்டின் ஓடு சரிந்துவிட்டது. பிள்ளைகள் படித்து வெளிநாடு போனார்கள், பேரப்பிள்ளைகளுக்கு ஊரின் பெயர் தெரிந்தால் அதிசயம். மிராசு என்ற தகுதி எங்கள் கண் முன்னாலேயே அழிந்துவிட்டது, காரன்வாலிஸின் பட்டம்போல.

ஆனால் நிலம்? நெடுஞ்சாலை ஓரத்து வயல்கள் கல் நட்டு, கொடி கட்டி, மனைகளாக விற்கப்பட்டன. பணம் சென்னைக்கும் அங்கிருந்து கடல் கடந்தும் போனது. ஆறு தலைமுறை அதில் நாற்று நட்ட எங்கள் தெருவுக்கு அந்த விற்பனையில் ஒரு ரூபாய் இல்லை. என் அப்பா குடியிருந்த வீட்டு இடத்துக்குப் பட்டா கேட்டு இருபது வருடம் மனு எழுதினார். அலுவலகத்தில் "பார்க்கிறோம்" என்ற ஒரே சொல்தான் பதில். பட்டா வராமலேயே போய்விட்டார். அவரிடமிருந்து எனக்கு வந்த பரம்பரைச் சொத்து, மனுக்களின் நகல் அடங்கிய ஒரு தகரப் பெட்டி. அதோடு சாதி. அதற்குச் சாசனம் எதுவும் தேவைப்படவில்லை.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பிரபுப் பட்டத்துக்கு ஆண் வாரிசு வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். அது ஒரு குடும்பத்தில் ஒரே ஒருவரிடம் இருக்கும் பொருள், அதனால் அதற்கு அழிவு உண்டு. சாதி பிறக்கிற எல்லோர் மேலும் ஒட்டப்படுகிறது; மகனா மகளா என்று பார்ப்பதில்லை. அது பிழைத்திருப்பதற்குத் தேவைப்படுவது ஒன்றே ஒன்று. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், 25 வயது அம்பேத்கர் அதைக் கண்டு சொன்னார்: அகமணம். சாதிக்குள்ளேயே கல்யாணம். காரன்வாலிஸ் குடும்பத்தில் மகள்களைக் கணக்கில் சேர்க்காததால் பட்டம் செத்தது. இங்கே மகள்களைக் காவல் காத்துத்தான் சாதி உயிரோடு இருக்கிறது. அந்தக் காவலை மீறிய மகளும் அவள் காதலித்த நம் பையனும் ஏன் வெட்டப்படுகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

பட்டத்தை ஒழிப்பது சுலபம். அதற்கு யாருடைய நிலத்தையும் எடுக்க வேண்டாம், யாருடைய கல்யாணத்திலும் தலையிட வேண்டாம். இங்கிலாந்திலேகூட 1999இல் ஒரு சட்டம் போட்டு, பிரபுக்கள் சபையில் இருந்த பரம்பரை உறுப்பினர்களில் பெரும்பாலோரை வெளியே அனுப்பினார்கள். சபையில் இருக்கை போயிற்று. அவர்களுடைய மாளிகைகளும் நிலங்களும் அப்படியே இருந்தன. இங்கேயும் 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன்தாருக்கு இழப்பீடு கொடுத்தார்கள், பயிரிடும் உரிமை வைத்திருந்த ரயத்துக்குப் பட்டா கொடுத்தார்கள். ரயத்தின் வயலில் கூலிக்கு இறங்கியவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால், அவருக்குக் கொடுப்பதற்கும் ஒன்றும் இல்லை.

17ஆவது பிரிவு ஏன் நிறைவேறவில்லை என்று கேட்டேன் அல்லவா? தீண்டாமை வெறும் பட்டமாக இருந்திருந்தால் 1950லேயே போயிருக்கும். அது நிலத்தில் வேர் விட்டிருக்கிறது, கல்யாணத்தில் கிளை விட்டிருக்கிறது. சொல்லை மட்டும் ஒழித்தால் போகாது.

இதில் மனம் சோர்ந்துவிடத் தேவையில்லை, தோழர்களே. இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது நேர்மாறானது. பரம்பரை உரிமை எதுவும் ஆதியிலிருந்து இருந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு, ஒரு கையெழுத்து உண்டு. 1627, 1661, 1753, 1792. ஜமீனுக்கு 1793, 1802. யாரோ எழுதியதால்தான் அது உரிமை ஆனது. எழுதியதை மாற்றி எழுத முடியும்.

நம் பக்கமும் ஒரு கையெழுத்து இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலத்தைக்கூட எங்கள் மக்கள் கேட்டு வாங்க முடியாதபடி மிராசுதார்களின் முன்னுரிமை தடுத்ததை அவர் பதிவு செய்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம். முதல் பத்து வருடம் விற்கக் கூடாது, அதன் பிறகும் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த நிலம். அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்று கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். காரணையின் அந்த இரண்டு தோழர்களுக்கும் கோட்டைக்குள் பளிங்குச் சிலை கிடையாது.

அதனால் உங்களிடம் ஒரு வேலையைக் கொடுத்து முடிக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் என்று குறிக்கப்பட்ட சர்வே எண்கள் எவை, எத்தனை ஏக்கர், இன்று யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரியவர்களிடம் பழைய பெயரைக் கேளுங்கள். எந்த வயலில் யார் உழுதார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பல பேருடைய வீட்டில் என் வீட்டுத் தகரப் பெட்டி மாதிரி ஒன்று இருக்கும், அதைத் திறந்து ஒவ்வொரு காகிதத்தையும் படம் எடுத்து வையுங்கள். வாரிசு என்று நமக்கு எழுதிக்கொடுக்க எந்த மன்னரும் இல்லை. அந்தப் பட்டியலை நாம்தான் எழுத வேண்டும்.

ஜெய் பீம்.